லீனா நிச்சயத்துக்கு நிக்குமா கரண்டு?

…பின்ன என்னா சார், வாய மூடிக்கினு உக்காரச் சொல்றீங்களா? தடாவுலேந்து ஐஸு வாங்கிக்கினு போறேன், இந்தப் படகு தீவுக்குப் போறதுக்குள்ள பாதி தண்ணி! வூட்ல ஃப்ரிட்ஜு இருக்குது, கரண்டுதான் இல்ல. ஞாயித்துக்கெழம எம்பொண்ணு லீனாவுக்கு நிச்சயம். சித்தூருலேந்து முப்பது பேரு வராங்க. வாங்கி வச்ச எறா ஒரு தபா நாறியே போச்சு! மாப்ளயோட அம்மா வேற, "தபிதா, கரண்டு இருக்குதாம்மா?"ன்னு மூணு தபா போன் பண்ணிட்டா. இருட்டுல மோதிரம் தடவிக்கினு இருக்கறதா?

சோலார்னாங்க, காத்தாடின்னாங்க, ரூம் சைசுக்கு பேட்டரின்னாங்க. ஏரி நடுவுல கெடக்கற ஊரு, வெளி லைனு கெடையாது. வர்ற கரண்டும் செலவாகறதும் சமமா நிக்கணுமாம், கொறஞ்சா மிஷினே கோச்சிக்கினு ஆஃப் ஆயிடுமாம். எங்க மாமியாளுக்கு அக்காவா இருக்கும்! முன்னல்லாம் ஒழுங்காத்தான் நின்னுச்சு. இந்தத் தை மாசத்துலேந்துதான் பீட. ஏழு மணி ஜெபத்துல பாஸ்டரு ஆமென் சொல்றதுக்குள்ள டப்புனு போயிடுது. ஆபீசுக்குப் போன் போட்டா "சூஸ்தாம்மா, சூஸ்தாம்"னு, பாக்கலாம் பாக்கலாம்னு தெலுங்குல இழுக்கறான். எப்பய்யா சூசுவ, எம்பொண்ணுக்குப் பேரன் பொறந்தப்புறமா?

இதுல எங்க வூட்டுக்காரரு டைட்டஸ்தான் அந்த சோலார் எடத்துக்கு வாச்மேனு. கேட்டு சாவியே அவருகிட்டதான். என்னா பிரயோஜனம்?

என்னா சார், மூக்க மூடறீங்க? கருவாடு சார்! துன்னு பாருங்க, ஒரு பொட்டு மணலு இருக்காது, நாயி மோந்திருக்காது. கரையில காய வெக்கறவளா நானு? சோலார் கண்ணாடி மேல சார்! தோசக்கல்லாட்டம் காயுது, ஒரே நாள்ல மொறுமொறு. தை மாசம் நான்தான் மொதல்ல ஆரம்பிச்சேன். இப்ப தெருவே கொண்டாந்து பரப்புது, கண்ணாடியே கண்ணுக்குத் தெரியல…

என்னா சார் எழுதறீங்க? பைல என்னா, மீட்டரா? ஐயோ… நீங்க கரண்டாபீஸா? ஆண்டவரே!

…கருவாட்ட எடுத்துட்டா கண்ணாடில வெயிலு பட்டு பேட்டரி ரொம்பிடுமா? ராத்திரிக்கு நிக்குமா? சத்தியமா? இன்னிக்கே எடுத்துடறேன் சார், தெருவையே எடுக்க வெக்கறேன். டைட்டஸ் பேர எழுதிடாதீங்க, பாவம், அவரு கருவாடே துன்ன மாட்டாரு.

சார், ஒன்னே ஒன்னு. நிச்சயம் முடிஞ்சி திங்கக்கெழம… ஓரமா… ரெண்டே ரெண்டு கண்ணாடில மட்டும்…

சார்! எங்க சார் எறங்கறீங்க? முட்டியளவு தண்ணிதான், ஆனா கரை இன்னும் தூரம் சார்!