பின்கதவைத் திறந்து வைத்தவருக்கு

கண்ணாடிக் கூடத்தின் காவலரே! கடல் கடந்து வந்த காரைக் கரைசேர்த்த மேலாளரே! கொளுத்தும் கோடையிலும் கோட்டுப் பொத்தானைக் கழற்றாத கொள்கைக் குன்றே! பதின்மூன்று ஆண்டுகள் தங்களோடு பணியாற்றியும் தங்களைப் புரிந்துகொள்ளாத ஊழியர்கள் நாங்கள், தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் குழப்பம் குறையாமலே கூடி நின்று வணங்குகிறோம்.

வெளிநாட்டுக் கம்பெனி காரோடு ஒரு கட்டளையும் அனுப்பியிருந்தது. வருகிறவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, ஓட்டும் சுகத்தைக் காட்ட வேண்டுமாம். அப்படியே செய்தோம். செல்வந்தர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், போய்விட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒரு வண்டிகூட நகரவில்லை. மூன்று மாதத்தில் விற்காவிட்டால் கடையை மூடுவோம் என்று கடிதம் வந்தபோது, நம் பதினைந்து பேர் வேலைக்கும் நாள் குறித்தாயிற்று.

அந்த வாரம்தான் ஓர் ஆலை முதலாளி வாசலில் போன் பேசிக்கொண்டு நிற்க, அவருடைய டிரைவர் கைகழுவ உள்ளே வந்தார். தாங்கள் அவரிடம் ஏதோ பேசி, பின்கதவைத் திறந்து உட்கார வைத்து, "காலை நல்லா நீட்டுங்க சார், இடம் போதுதா?" என்று கேட்டீர்கள். தூரத்தில் நின்ற நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

"டிரைவரைப் போய் முதலாளின்னு நினைச்சுட்டாரு, போச்சு" என்றார் வரவேற்பாளர்.

டிரைவர் வெளியே போய், "ஐயா, இதுல பின்னாடி நீங்க படுத்துக்கிட்டே வரலாம்" என்றார். மறுநாள் கார் விற்றது. அதன்பின் நம் கடையில் டிரைவர்களுக்கே முதல் நாற்காலி, முதல் காபி. இந்த ஊர்ச் செல்வந்தர் எவரும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கு எழுதத்தான் யாருக்கும் தோன்றவில்லை. "எங்கள் ஸ்டியரிங் உங்கள் நாட்டையே வென்றது" என்று நேற்றும் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதா, ஒளித்துவைப்பதா என்று விளங்கவில்லை.

அன்று அவர் டிரைவர் என்று தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா? கேட்டபோதெல்லாம் டையைச் சரிசெய்துகொண்டு, "வேலையைப் பாருங்கப்பா" என்று நகர்ந்தீர்கள். நாங்களோ முதுகுக்குப் பின்னால் தங்களுக்கு 'ஆள் தெரியாதவர்' என்று பெயர் வைத்துப் பதினோர் ஆண்டுகள் சிரித்தோம்.

தங்களை வீட்டில் கொண்டுபோய் விட, அதே டிரைவர் இன்று லீவு போட்டு வந்திருக்கிறார். காலையில் அவரையே கேட்டோம்.

"உள்ள வந்ததுமே நான் டிரைவர்னு சொல்லிட்டேனே. 'அதனாலதான் உங்களைக் கேக்குறேன். உங்க முதலாளிக்கு எங்க வலிக்குதுன்னு தினமும் கண்ணாடியில பாக்குறவர் நீங்கதானே'ன்னாரு. என்னை சார்னு கூப்பிட்ட முதல் ஆள் அவருதான்."

வெட்கமாக இருக்கிறது, மன்னியுங்கள். முதுகு நோகாமல், முழங்கால் வலிக்காமல், மூச்சு நிறைய நிம்மதியோடு நெடுங்காலம் வாழுங்கள். வாசலில் பின்கதவு திறந்திருக்கிறது. காலை நல்லா நீட்டுங்க சார்.

என்றும் தங்கள்,
ஆள் தெரியாத பதினான்கு பேர்