காலி ஸ்டூலின் மேற்பார்வை

டன்மோர் கவுண்டி ஷெரீப் அலுவலகத்தில் அளிக்கப்பட்டது. என் பெயர் கோர்டன் ஹாக்கன்சன், வயது ஐம்பத்து மூன்று, முகவரி 14, எல்ம் தெரு. முதுகலைப் பட்டமும் மாநில உரிமமும் பெற்ற மயக்க மருந்துச் செவிலியர். என் முறையீடுகள்:

1. மார்ச் 3: மேற்பார்வை மருத்துவர் ஆர்வல் டெஸ்கி காலமானார். மருத்துவமனை வேறொருவரை நியமிக்கவில்லை.

2. மார்ச் 10: மேற்பார்வையின்றி மயக்க மருந்து செலுத்துமாறு எனக்குக் கட்டளையிடப்பட்டது.

3. ஏப்ரல் 2: மறுத்த என்னை, நோயாளியைக் கைவிட்டவன் என்று முடிவுசெய்து, செவிலியர் வாரியம் என் உரிமத்தை நிறுத்திவைத்தது.

எங்கள் மாநில விதிப்படி, நான் மருந்து செலுத்தும் அறையில் மருத்துவர் ஒருவர் இருந்தாக வேண்டும். டெஸ்கி மூலையிலிருந்த ஸ்டூலில் அமர்ந்து, பெப்பர்மின்ட் மிட்டாயைச் சப்பியபடி நாளிதழில் தானிய விலை படிப்பார். நாங்கள் அவரைச் "சட்டம்" என்று கேலியாக அழைப்போம். அவருடைய சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நானும் ஒருவன்.

மார்ச் 10 காலை, வேறு கவுண்டியிலிருந்து வந்திருந்த லோர்னா புரூயிட் என்ற பெண்மணி பித்தப்பை அறுவைக்காகக் கிடத்தப்பட்டார். அதன்பின் அறுவை மருத்துவர் ஹாலண்டர் அந்த ஸ்டூலைக் காட்டி, "சட்டம் உக்காந்தாச்சு, ஆரம்பிப்பா" என்றார். ஸ்டூல் காலியாக இருக்கிறது என்றேன். "இருந்தப்ப மட்டும் அந்த மனுஷன் என்னத்தக் கிழிச்சாரு? தூங்கத்தானே செஞ்சாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மருந்து செலுத்த மறுத்தேன். அதன்பின் என்னை வெளியேற்றிவிட்டு, பக்கத்து அறையில் தயாராக வைத்திருந்த வெளியூர்ச் செவிலியரை உள்ளே அழைத்தார்கள்.

அறுவை முடிந்து அப்பெண்மணியை வெளியே தள்ளிவந்தபோது நான் நடைக்கூடத்தில் நின்றிருந்தேன். கண் விழித்த அவர் என்னிடம், "மூலையில ஒரு பெரியவர் இருந்தாரே, யாரு சார் அவரு? 'நீ தூங்கும்மா, நான் பாத்துக்கறேன்'னாரு. பெப்பர்மின்ட் வாசனை. ஆனா பாருங்க, அவரு மூச்சே விடல" என்றார். அவர் டெஸ்கியை முன்பு கண்டதில்லை.

அதன்பின் மருத்துவமனை, அவர் சொன்னதை அவரிடமே எழுதி வாங்கி, அதில் கடைசி வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு, மருத்துவர் அறையில் இருந்ததற்குச் சான்றாக வாரியத்துக்கு அனுப்பியது. வாரியம் அதை ஏற்றது. அறுவைகள் இன்றும் நடக்கின்றன. அறையைத் துடைப்பவர் ஸ்டூலை நகர்த்தாமல், சுற்றிலும் துடைத்துவிட்டுப் போகிறார்.

மார்ச் 10 அன்று அந்த அறையில் மேற்பார்வை மருத்துவர் இருந்தாரா? இருந்தார் என்றால், நாங்கள் புதைத்தது யாரை? இல்லையென்றால், என் உரிமத்தைத் திருப்பித் தருக. ஏப்ரல் 30 மாலை ஐந்து மணிக்குள் வாரியத்தின் எழுத்துபூர்வமான பதில் எனக்கு வந்துசேர வேண்டும். அதில் கையொப்பமிடுபவர் உயிரோடிருப்பவராக இருக்க வேண்டும்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன, வாசிக்கக் கேட்டேன், அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கோர்டன் ஹாக்கன்சன்