இரைச்சல் இல்லாத பெட்டி

— கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு என்னண்ணா பாக்கறீங்க? துப்பாக்கியில குறி வைக்கிற மாதிரி இருக்கு.

— கழுத்து நேரா இருக்கான்னு பாக்கறேன் தங்கச்சி. எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கறவன் முதல்ல இதைத்தான் பாக்கணும். பெயின்ட் பளபளன்னு இருக்கும், கழுத்து முறுக்கிக்கிட்டு நிக்கும். பாத்துக்குங்க, இதுல லேசா ஒரு வளைவு இருக்கு. அது தப்பில்ல. இருக்கத்தான் வேணும்.

— நேத்து வந்த காலேஜ் பையனும் இப்படித்தான் ஒத்தைக் கண்ணை மூடினான்.

— வேற ஆளும் வந்தாங்களா?

— விளம்பரம் போட்டா வராம இருப்பாங்களா? தட்டறாங்க, தடவறாங்க, தூக்கிப் பாக்கறாங்க. மாடு வாங்க வந்தவங்க மாதிரி பல்லைப் பிடிச்சுத்தான் பாக்கல.

— பல்லும் பாக்கணும். கழுத்துல வரிசையா பதிச்சிருக்கே இந்தக் கம்பி, இதுக்கு ஃபிரெட்டுன்னு பேரு. மேல ஓடுற கம்பி தேச்சுத் தேச்சு இதுல பள்ளம் விழுந்துடும். பள்ளம் ஆழமா இருந்தா வாங்கவே கூடாது. இதுல அவ்வளவு இல்ல. அழுத்தாம வாசிச்ச கை. பாட்டுக்குப் பக்கவாத்தியமா வாசிச்ச கை.

— மளிகைக் கடை வச்சிருக்கறதா போன்ல சொன்னீங்க. கையைக்கூட கண்டுபிடிக்கிறீங்களே.

— வயசுல கொஞ்ச நாள் வாசிச்சேன். இப்ப மகளுக்காகத்தான் வாங்கறேன்.

— நீங்க சொன்ன அந்தக் கை இப்ப இல்லண்ணா. என் வீட்டுக்காரர்.

— அடடா. எனக்குத் தெரியாது தங்கச்சி.

— யாருடி அது? அந்த எமனை இன்னும் வித்துத் தொலைக்கலையா நீ?

— விக்கறதுக்குத்தான் அத்தை, ஆள் வந்திருக்கார். நீங்க படுங்க. என் மாமியார்ண்ணா. இடுப்பு உடைஞ்சு படுத்த படுக்கை. காது மட்டும் பாம்புக் காது.

— அந்த ரூம் கதவைச் சாத்திடுங்களேன். பாவம், தூங்கட்டும்.

— சாத்தினா மூச்சு முட்டுதும்பாங்க. திறந்தே கிடக்கட்டும். அண்ணா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. செருப்போட உள்ள வந்துட்டீங்க. தரை இப்பத்தான் துடைச்சேன், ஈரம்.

— மன்னிச்சுக்குங்க. குதிகால்ல வெடிப்பு. ஈரம் பட்டா எரியும்.

— ரப்பர் செருப்புதானே? சரி, இருக்கட்டும். அப்புறம் என்ன பாக்கணும்?

— இந்தக் குமிழ் எல்லாம் தடங்கல் இல்லாம சுத்தணும். ஒயர் சொருகற ஓட்டை ஆடக் கூடாது. கழுத்து உடம்போட சேர்ற இடத்துல நகம் நுழையக் கூடாது. தலைப் பக்கம் உடைஞ்சு ஒட்டியிருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கணும், ஒட்டினவன் மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பான். பாத்துக்குங்க, இது சுத்தமா இருக்கு. நான் எடுத்துக்கறேன். கூட அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் தந்துடுங்க.

— போன்லயும் அதைத்தான் முதல்ல கேட்டீங்க. வந்தவங்க யாரும் அதைச் சீந்தல. பழைய டப்பான்னு மூஞ்சியைச் சுளிச்சாங்க.

— பழசுலதான் சத்தம் இனிக்கும்.

— விலைகூட பேசல நீங்க.

— நீங்க சொல்றதுதான். ஒயரு, பிளக்கு எல்லாத்தோடயும் சேத்துக் குடுத்துடுங்க. வண்டி கொண்டு வந்திருக்கேன்.

— ஒரு நிமிஷம் இருங்க. பெட்டி ஆன்லதான் இருக்கு. சொருகிக் கேட்டுட்டு எடுத்துக்குங்க.

— வேண்டியதில்ல தங்கச்சி.

— எலெக்ட்ரிக் கிட்டாரை கரண்ட் இல்லாமலே பாத்து வாங்கற முதல் ஆளு நீங்கதான். அந்தக் காலேஜ் பையன் சொருகிட்டு, கம்பியைத் தொட்டுத் தொட்டு விரலை எடுத்தான். தொட்டா இரைச்சல் அடங்கணுமாம். அடங்கலேன்னா உள்ள எர்த் சரியில்லன்னு அர்த்தமாம். அதை நீங்க பாக்கலையே.

— அனுபவம் இருந்தா அதெல்லாம் பாக்காமலே தெரியும்.

— எர்த்துங்கற பேச்சே எனக்கு ஆகாதுண்ணா. இவரு எப்படிப் போனாருன்னு கேக்கவே இல்ல நீங்க.

— கேட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்.

— என்னைக் கேளு தம்பி, நான் சொல்றேன். பிளக்கைச் சொருகினவளே இவதான். ஈரக் கையோட சொருகினா. என் புள்ள மேடையிலயே கருகி விழுந்தான்.

— கேட்டுக்கிட்டீங்களா? காலையில காப்பி குடுத்தா இது, ராத்திரி போர்வை போத்தினா இது. வாயைத் திறந்து என்னைப் பேரு சொல்லிக்கூட கூப்பிடறதில்ல. அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல. சொருகினது நான்தான்.

— விடுங்க தங்கச்சி. விதி.

— அன்னைக்கு மண்டபத்துல இந்தப் பெட்டி தேன்கூட்டுல கல் விட்ட மாதிரி இரைஞ்சுது. கல்யாண வீட்டுக்காரங்க முணுமுணுத்தாங்க. நாங்க சாப்பிட்டுட்டு வந்து பாத்தா, பெட்டி பிளக்கைக் கழட்டி யாரோ ஓரமா வச்சிருந்தாங்க. நான் எடுத்துச் சொருகினேன். இரைச்சலே இல்ல. இவருக்கு அவ்வளவு சந்தோஷம். யாரோ சரி பண்ணிட்டாங்க, அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்னாரு. அதுதான் அவரு கடைசியா என்கிட்ட பேசினது.

— கிட்டாருக்கு உறை ஏதாவது இருக்கா தங்கச்சி?

— சவுண்டு பாத்த ஆளு மறுநாளே ஊரைக் காலி பண்ணிட்டாராம். திரைக்குப் பின்னால இருந்தாரு, முகத்தைக்கூட நான் பாக்கல.

— பயந்திருப்பாரு. பாவம், புள்ளகுட்டிக்காரர்.

— அவருக்குப் புள்ளகுட்டி இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சும்மா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நேரமாகுது தங்கச்சி, பெட்டியைத் தூக்கவா?

— இருங்க. நானே போட்டுக் காட்டறேன். தோள்ல இப்படித்தானே மாட்டணும்? ஒயரு இங்க. கேட்டீங்களா, சொருகினதும் சுவாசம் வந்த மாதிரி இருக்கு. மைக்கையும் மூலையில இருக்கற ஸ்பீக்கர்ல மாட்டித்தான் வச்சிருக்கேன். அவரு பாடிக்கிட்டே வாசிப்பாரு. இடது கையில கம்பி, வலது கையில மைக்கை இப்படி இழுத்து...

— மைக்கைத் தொடாதீங்க.

— ஏன்ண்ணா?

— சொன்னாக் கேளுங்க. கீழ ஈரம். கம்பியில இருந்து கையை எடுங்க முதல்ல.

— காரணம் சொல்லுங்க, எடுக்கறேன்.

— தங்கச்சி, விளையாடாதீங்க. அந்தப் பிளக்குல எர்த் இல்ல. உள்ளுக்குள்ள ஒயரு வெட்டியிருக்கு. பெட்டியில கசியற கரண்ட் எல்லாம் கம்பி வழியா உங்க உடம்புல ஏறி மைக்குக்குப் போகும். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், கையை எடுங்க.

— பிளக்கு அலமாரிக்குப் பின்னால சொருகியிருக்கு. நீங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.

— பழைய பெட்டின்னா அப்படித்தான் இருக்கும். இரைச்சல் அடங்கறதுக்கு எல்லாரும் பண்றதுதான்.

— எல்லாரும் இல்லண்ணா, சவுண்டுக்காரங்க. பிளக்கைத் திறந்து எர்த் ஒயரை மட்டும் நறுக்கிட்டு, திரும்ப மூடி ஸ்க்ரூவை முடுக்கி வச்சுடுவாங்களாம். எலெக்ட்ரீஷியன் சொன்னாரு. மேலாக்க பாத்தா ஒண்ணும் தெரியாது. போலீஸ் பாத்தாங்க, அவங்களுக்கும் தெரியல. பிளக்கு வேற வேலைக்கு ஆகுமேன்னு திறந்தப்பதான் நானே பாத்தேன். அத்தைகிட்ட சொன்னேன், என் மேல இருக்கற பழியைத் தள்ளிவிடக் கதை கட்டறேன்னுட்டாங்க.

— நான் யாரையும் கொல்லணும்னு பண்ணல. எல்லா இடத்துலயும் பண்றதுதான். பாட்டு முடிஞ்சதும் சேத்துடலாம்னு இருந்தேன். நீங்க முதல்ல கையை எடுங்க தங்கச்சி.

— பயப்படாதீங்க. போன மாசமே அந்த ஒயரைச் சேத்து முடுக்கியாச்சு. பெட்டியையும் பழுது பாத்தாச்சு. காலேஜ் பையன் தொட்டான், வந்த எல்லாரும் தொட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெட்டினவருக்கு மட்டும்தான் அது இன்னும் வெட்டியே கிடக்கு. அத்தை, கேட்டுச்சா?

— கேட்டுச்சும்மா. நீ போய் வாசக் கதவைச் சாத்து.