பாட்டுக்கு ஒரு குமிழ், கியருக்கு ஒரு குமிழ்

...கியருன்னா கைக்கு அடங்கணும்ணே! இது என்ன கூத்து? ரேடியோவுல பாட்டு வைக்கிற குமிழ் மாதிரி ஒண்ணு, அத ரெண்டு விரலால திருகுறதுக்குப் பேரு கியராம். இல்ல இல்ல, நீங்க பதில் சொல்ல வேணாம். வாயில நாலு ஸ்க்ரூவக் கடிச்சுக்கிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில தலையக் குடுத்துக்கிட்டு என்னத்தப் பேசுவீங்க? நான் பேசுறேன், நீங்க வேலையப் பாருங்க. பிரேக்குதானே? மிதிச்சிருக்கேன், மிதிச்சிருக்கேன்... நீங்க சொல்ற வரைக்கும் காலை எடுக்கவே மாட்டேன். இஞ்சினும் ஓடட்டும்.

இருவத்திரெண்டு வருஷம்ணே, பிக்கப்பு ஓட்டுறேன். பழைய வண்டியில கியரு இங்க இருக்கும், முட்டிக்குப் பக்கத்துல. ஒரு முழம் நீளம், நுனியில கறுப்பு உருண்டை. போட்டா 'கடக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க... வண்டி "சரிப்பா, புரிஞ்சிடுச்சு"ன்னு சொல்ற மாதிரி இருக்கும். இந்தப் புது வண்டி? என்ன போட்டாலும் கம்முனு இருக்கு. உங்கள மாதிரி... ஐயய்யோ, தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இதப் பாருங்களேன். இந்தக் குமிழு பாட்டு சத்தத்துக்கு. இந்தக் குமிழு கியருக்கு. நடுவுல நாலு விரக்கடை கூட இல்ல! ரெண்டும் ஒரே சைசு, ஒரே வெள்ளி வளையம். எவன்ணே இத வரைஞ்சான்? அவன் வீட்டுல அடுப்பு எது, வாஷிங் மெஷின் எதுன்னு அவனுக்குத் தெரியுமா? 'பி' போட்டா நிக்கணும், 'ஆர்' போட்டா பின்னாடி, 'டி' போட்டா முன்னாடி. அவ்வளவுதான் கியரு. அதுக்கு எதுக்கு இந்த அலங்காரம்!

நான் மட்டும் சொல்லலண்ணே. எங்க ஸ்டாண்டுல யாரை வேணா கேளுங்க. தண்ணி கேன் போடுறவர் இருக்காரே, அவர் வண்டியில கியரு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல, வைப்பர் குச்சி மாதிரி. ஒரு நாளு நல்ல மழை. மனுஷன் வைப்பர்னு நெனச்சு அதத் தட்டிட்டாரு. நடு ரோட்டுல வண்டி நியூட்ரலுக்குப் போய் நின்னுடுச்சு! பின்னாடி எல்லாவனும் ஹாரன் அடிக்கிறான், இவரு கண்ணாடியத் தொடைக்குதா தொடைக்குதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. கண்ணாடிக் கடை டிரைவருக்குப் பட்டன் கியரு. அவரு கொஞ்சம் குண்டு. சீட்டு பெல்ட்டு போடத் திரும்புனா முழங்கை பட்டனை அமுக்கிடுது. இப்ப டீக்கடையில உக்காந்திருக்கும்போதும் முழங்கைய ஒடம்போட ஒட்ட வெச்சுக்கிட்டுத்தான் உக்காருறாரு, பாவம்.

என்ன... கியர்க் குமிழ் ஓரத்துல என்னமோ ஒட்டியிருக்கா? அது... அது மிட்டாய்ணே. என் தங்கச்சி பொண்ணு. வண்டியில ஏறி மிட்டாய்க் கையோட தொட்டுட்டா. சின்னப் புள்ளதானே.

விஷயத்துக்கு வரேன். செவ்வாய்க்கெழம நடந்தது. எங்களது பாத்ரூம் சாமான் கடை. பின்னாடி பன்னெண்டு வெஸ்டர்ன் டாய்லெட்டு ஏத்திக்கிட்டுப் போறேன். வழியில மொதலாளியோட மாமியார் வீட்டுல ஒண்ணு எறக்கணும். வண்டிய ரிவர்ஸ்ல கொண்டுபோய் அந்தம்மா கேட்டுக்கு நேரா நிறுத்தினேன். 'பி' போட்டேன். சத்தியமா போட்டேன். ரசீது புக்கு எடுத்தேன், எறங்கினேன். ரெண்டு எட்டு வெச்சிருப்பேன், வண்டி தானா பின்னாடி போகுது! வேகமாவும் போகல... சாப்பிட்டுட்டு ஒலாத்தப் போறவரு மாதிரி, நிதானமா, மரியாதையா போகுது. "ஏய், ஏய்"னு நான் கத்துறேன், அது கேக்குமா? கேட்டு காலி. பதினோரு டாய்லெட்டு சுக்குநூறு.

பன்னெண்டாவதக் கேளுங்க. அது பறந்துபோய் தோட்டத்துல ரோஜாச் செடிக்கு நடுவுல உக்காந்திடுச்சு. நேரா! ஒரு கீறல் இல்ல! கொத்தனாரு வந்து மட்டம் பாத்து வெச்ச மாதிரி. மாமியாரம்மா கதவத் தொறந்து அதப் பாக்குறாங்க, என்னப் பாக்குறாங்க, மறுபடி அதப் பாக்குறாங்க. அப்புறம் கேக்குறாங்க, "தம்பி, இத நான் பாத்ரூமுக்கில்ல கேட்டேன்?"

சிரிக்காதீங்கண்ணே, ஸ்க்ரூ உள்ள போயிடும்.

எனக்கு இது சிரிப்பு இல்ல. நாலு மணிக்கு மொதலாளி இந்த ஒர்க்‌ஷாப்புக்கே வரேன்னிருக்காரு. நீங்க அந்த ரிப்பேர் கார்டுல 'வண்டியில கோளாறு'ன்னு எழுதினா நான் பொழைச்சேன். 'டிரைவர் தப்பு'ன்னு எழுதினா சாவி அவரு மச்சான் கைக்குப் போயிடும். நான் குடோன்ல உக்காந்து குழாய் அடுக்கணும். அந்த மச்சான் வண்டி ஓட்டிப் பாத்திருக்கீங்களா? ஒரு கையில ஃபோனு, ஒரு கையில சீப்பு, ஸ்டியரிங்கு முட்டியில! எனக்கு வேற தொழில் தெரியாதுண்ணே. வீட்டுல நான் சும்மா உக்காந்திருந்தாக்கூட, எடது கை அதுபாட்டுக்குச் செகண்ட் கியர் போட்டுக்கிட்டிருக்கும். பொண்டாட்டி கரண்டிய என் பக்கத்துல வைக்கவே மாட்டா.

அட... இந்தா, சொல்லி வாய மூடல, மொதலாளியே கூப்பிடுறாரு. வண்டி ஸ்கிரீனு முழுக்க அவரு மூஞ்சி. இப்ப எடுக்கக் கூடாது, நீங்க முடிக்கல. எத அமுக்கினா கட்டாகும்? பச்சையா, செவப்பா... வெயில்ல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. இதான்... அமுக்கியாச்சு. "அலோ அலோ"ங்குது, இருங்க, இந்தக் குமிழத் திருகிடுறேன்... ஆச்சு. நின்னுடுச்சு.

மொதலாளி நல்ல மனுஷன்தான். ஆனா வண்டியப் பத்தி அவருக்கு என்ன தெரியும்ங்கறீங்க? இத எதுக்கு வாங்குனாரு தெரியுமா? கலருக்கு! அவரு சட்டைக்கு மேட்ச்சாம்! கியரு எப்படின்னு கேக்கல, ஃப்ளஷ் டாங்கு வாங்குற மாதிரி நெறத்தப் பாத்து வாங்கிட்டாரு. மாமியாரச் சொல்லணுமா? இடிச்சதுல நெஜமாவே ஒடைய வேண்டியது அந்தம்மா கேட்டு இல்ல, அந்தம்மா கௌரவம்தான்! நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.

மறுபடி என்ன, அந்த மிட்டாயா? கல்லு மாதிரி எறுகியிருக்கா? ஸ்க்ரூ டிரைவர் போட்டாலும் வரலியா? ஆமாண்ணே... இப்ப வர மிட்டாயெல்லாம் அப்படித்தான். புள்ளைங்க பல்லு என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க.

சீட்டுக்கு அடியில எதுக்குக் கை விடுறீங்க? அங்க ஒண்ணும் இல்லண்ணே. என் சாப்பாட்டு டப்பா. பழைய டப்பா, நாறும். வேணாம்ணே. டப்பா அவ்வளவு நீளமா இருக்காதுதான்... அது வந்து... அது கொடை. அண்ணே, இழுக்காதீங்க... அண்ணே!

...சரி. எடுத்துட்டீங்க.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. ஆமா, பழைய வண்டியோட கியர்க் கம்பிதான். பழைய வண்டியக் கழிச்சுக்கட்டும்போது கழட்டி வெச்சுக்கிட்டேன். வெறும் கையோட எப்படிண்ணே ஓட்டுறது? கை காத்துலயே தொழாவுது. அதான் அந்தக் குமிழுக்கு மேல, கடிகார முள்ளு மாதிரி, பசை போட்டு ஒட்டினேன். இரும்புக்கு ஒட்டுற பசை. மூணு நாளு ராஜா மாதிரி ஓட்டினேன்ணே! கைக்கு அப்படி ஒரு நிம்மதி! 'பி'யில வெச்சா கம்பி நெட்டுக்குத்தா நிக்கும். என்ன... கொஞ்சம் கனம். அன்னிக்கு 'பி' போட்டுட்டு, பிரேக்குல கால வெச்சுக்கிட்டே ரசீது புக்க எடுக்கக் குனிஞ்சேனா, அது தன் கனத்துல மெதுவா சாஞ்சு 'ஆர்'ல போய் நின்னிருக்கு. நான் பாக்கல. கால எடுத்துட்டு எறங்கிட்டேன். இடிச்சதுல கம்பி பிச்சுக்கிட்டு வந்துடுச்சு, எடுத்து சீட்டுக்கு அடியில ஒளிச்சுட்டேன். என் தப்புதாண்ணே. முழுக்க என் தப்பு. வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல. போதுமா? ஆனா இது நமக்குள்ளயே இருக்கட்டும். மொதலாளிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்.

எங்கண்ணே எறங்குறீங்க? கம்பியக் குடுத்துட்டுப் போங்க! எதுக்கு ஸ்கிரீனக் காட்டுறீங்க? மொதலாளி மூஞ்சிதானே, அப்பவே கட் பண்ணியாச்சே... பக்கத்துல என்னமோ நம்பர் ஓடுது. ஒம்போது நிமிஷம்... ஒம்போது நிமிஷம் மூணு செகண்டு... நாலு...

ஐயோ. சத்தத்த மட்டுந்தான் கொறைச்சேனா?

இருங்க, கூட்டுறேன்... மொதலாளி? வணக்கம் மொதலாளி. லைன்லதான் இருந்தீங்களா? எதுலேருந்து... சட்டைலேருந்தா. சரிங்க. மாமியாரம்மா... ஆமாங்க, கௌரவம்னுதான் சொன்னேன், நல்ல அர்த்தத்துல சொன்னேன். ஆங்? அவங்களும் கார்ல உக்காந்து கேட்டாங்களா! அம்மா, வணக்கம்மா. கம்பி... ஆமாம்மா, பசைதான். சாவிய மச்சான்கிட்டயா? மொதலாளி, இருவத்திரெண்டு வருஷம்... சரிங்க. சரிங்க மொதலாளி. வாசல்லதான் நிக்கிறீங்களா? இதோ, ஃபோன வெச்சுட்டு எறங்கி வரேன். இந்த எழவு எதுல கட்டாகும்... இதத் திருகினேன், போகல... இந்தக் குமிழா... ம், ஆச்சு. எறங்குறேன்.

அண்ணே, வண்டி ஏண்ணே நகருது?

நான் ஒண்ணும் பண்ணல! கால மட்டுந்தான் எடுத்தேன்! பிரேக்கு எங்க... செருப்பு மாட்டிக்கிச்சு... மொதலாளி, நீங்க வாசல்ல எங்க நிக்கிறீங்க? என் வண்டிக்குப் பின்னாடியா? காரை எடுங்க மொதலாளி! அம்மா, கதவத் தொறக்காதீங்க! மொதலாளி, எடுங்க, எடுங்...

...

அண்ணே.

யாருக்கும் அடியில்லியே? அம்மா திட்டுறது கேக்குது, அப்ப நல்லாத்தான் இருக்காங்க.

அண்ணே, இங்க வாங்க. வந்து பாருங்க. 'ஆர்'! ஃபோனுக் குமிழுன்னு கியரத் திருகியிருக்கேன்! கம்பி எங்க இருக்கு? உங்க கையில! பசை? காஞ்சு கெடக்கு! நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு... மொதலாளி, நீங்களும் வாங்க, நல்லாப் பாருங்க, நீங்கதான் சாட்சி! எழுதுங்கண்ணே, அந்தக் கார்ட எடுங்க, பெருசா எழுதுங்க... வண்டியில கோளாறு!