மூச்சுக்கு இரண்டு கோடுகள்

படுத்திருப்பவரைச் சிரிக்க வைத்தால் மெஷின் நின்றுவிடும். எங்கள் வேலையில் இருக்கிற பெரிய கஷ்டமே இதுதான். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

நான் கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியன். கதிரைப் பாய்ச்சிப் புற்றுக்கட்டியைச் சுடுவது மெஷினின் வேலை. மெஷினை ஓட்டுவது என் வேலை. நுரையீரலில் வரும் கட்டி ஓரிடத்தில் நிற்காது. மூச்சை இழுத்தால் கீழே போகும், விட்டால் மேலே வரும். அதனால் நோயாளியின் வயிற்றின்மேல் ஒரு சின்னப் பெட்டியை வைப்போம். அது ஏறி இறங்குவதைக் கூரையில் இருக்கும் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வெளியே என் திரையில் மூச்சு அலையாக ஓடும். அலைக்குக் குறுக்கே இரண்டு கோடுகள். அலை அவற்றுக்கு நடுவில் இருக்கும்போது மட்டும் கதிர் பாயும். தாண்டினால் 'பீப்' என்று கத்திவிட்டு நிற்கும். இருமினால் பீப். பெருமூச்சு விட்டால் பீப். வீட்டில் கேஸை அணைத்தோமா என்று நினைத்தாலும் பீப்.

கோடுகள் எங்கே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அன்றைக்கு மூச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் மவுஸால் இழுத்துச் சரிசெய்துகொள்ள எங்களுக்கும் அனுமதி உண்டு. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

டீச்சரம்மாவிலிருந்து தொடங்குகிறேன். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கட்டி கொண்டைக்கடலை அளவுதான். சரியாகச் சுட்டால் அடியோடு போய்விடும், பேரன் கல்யாணம்வரை இருப்பார் என்று டாக்டர் அவருடைய மகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவைத்துப் படுக்க வேண்டும். அவருக்குத் தோள்மூட்டு தேய்ந்திருந்தது. அதோடு, என்னைப் போலவே அவருக்கும் வாய் சும்மா இருக்காது. மெஷின் நின்று நின்று ஓடியது.

"தம்பி, என்ன உங்க மெஷின், என் மாப்பிள்ளை மாதிரி எதுக்கெடுத்தாலும் கோவிச்சுக்கிட்டு நிக்குது?" என்று உள்ளேயிருந்து மைக்கில் கேட்டார்.

"நீங்க பேசினா அது நின்னுடும்மா."

"பேசலைன்னா நான் நின்னுடுவேனே. கை கழண்டு விழுற மாதிரி இருக்குப்பா. சீக்கிரம் முடிச்சு விடேன்."

வெளியே நடைபாதையில் நாற்காலி நிறைய ஆட்கள். மேல்கோட்டை மேலே இழுத்தேன், கீழ்க்கோட்டைக் கீழே இழுத்தேன். பீப் நின்றது. அறை அப்படியே அடங்கிப்போனது. மழை விட்டதும் தகரக் கூரை அடங்குமே, அந்த மாதிரி.

கோடுகள் அகன்றால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். கட்டி நகர்ந்த பிறகும் கதிர் பழைய இடத்திலேயே பாய்ந்துகொண்டிருக்கும். அங்கே இருப்பது நல்ல நுரையீரல். கட்டியின் ஓரம் வேகாமல் தப்பிவிடும். தெரியும். படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

கையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்த டீச்சரம்மா, வரிசையில் இருந்தவர்களிடம் "இவர் எக்ஸ்பிரஸ்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஷிப்ட்காரன் ஒவ்வொரு பீப்புக்கும் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மூச்சு சொல்லிக்கொடுத்து, மறுபடி ஓட்டுவான். அவனுக்குப் 'பாசஞ்சர்' என்று பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் எக்ஸ்பிரஸில் ஏறவே ஆசைப்பட்டார்கள். யார் மனதையும் நோகடிக்க எனக்கு வராது. எல்லோருக்கும் கோட்டை இழுத்துவைத்தேன்.

"உன் கையில மட்டும் எப்படிடா எல்லாரும் பொம்மை மாதிரி மூச்சு விடுறாங்க?" என்று பாசஞ்சர் கேட்பான்.

"முகராசி."

சில மாதங்கள் கழித்து டீச்சரம்மா திரும்பவும் வந்தார். இப்போது சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. கட்டி ஒரு பக்கமாக மறுபடி தலைதூக்கியிருந்தது. அதைச் சுற்றி நுரையீரல் சுருங்கியிருந்தது. முரட்டு நோய் என்றார் டாக்டர். நானும் ஆமாம் என்றேன். இன்னொரு சுற்றுச் சுடச் சொன்னார். இந்தத் தடவை டீச்சரம்மாவால் மூச்சைப் பிடிக்கவே முடியவில்லை. அலை கோணல்மாணலாக ஓடியது. கோடுகளை இன்னும் அகலமாக வைத்தேன். அந்த நிலைமையில் அவரைப் போய்க் காக்க வைப்பதா?

அவர் இறந்தபோது வீட்டுக்கும் போனேன். "அம்மாவைக் கஷ்டப்படுத்தாம பார்த்துக்கிட்டீங்க" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர் மனது கஷ்டப்படும். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தேன், வழக்கம்போலக் கோட்டை இழுத்தேன். மொத்தம் எத்தனை பேர் என்று நான் எண்ணியதில்லை. எண்ணுகிறவனால் சிரித்த முகத்தோடு வேலை பார்க்க முடியாது.

இந்த வருடம் என் அக்காவுக்கு வந்தது. அதே நுரையீரல், ஏறக்குறைய அதே அளவு. நானேதான் ஓட்டுவேன் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"டேய், கை மரத்துப்போச்சுடா. ஊருக்கெல்லாம் எக்ஸ்பிரஸாம், கூடப்பிறந்தவளுக்கு மட்டும் கட்டை வண்டியா?"

"பேசாம படுக்கா. மூச்சு தப்புது."

"முதுகு வலிக்குதுடா. சீக்கிரம் முடிச்சு விடேன்."

"முடியாது. வலிச்சா வலிக்கட்டும். படு."

பீப் மேல் பீப். ஷிப்ட் மாற வந்த பாசஞ்சர் வாசலிலேயே நின்றுவிட்டான். என் அறையில் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. பின்னால் வந்து திரையைப் பார்த்தான். கோடுகள் இரண்டும் நூல் நுழையும் இடைவெளியில் இருந்தன. டாக்டர் சொன்னதைவிடவும் இறுக்கம். உள்ளே அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள், விட்டாள்.

"அப்ப டீச்சரம்மாவுக்குக் கோட்டை எங்கடா வச்சிருந்தே?" என்றான்.

"கேட்டாங்கடா. சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கேட்டாங்க."

"அக்காவும்தானே கேட்டாங்க?"

நான் திரைப்பக்கம் திரும்பி மெஷினை மறுபடி ஓட்டினேன். அவன் டாக்டரிடம் போனான். நீங்கள் விசாரிக்க இங்கே வந்தீர்கள். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல பையன், கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். டீச்சரம்மா பிழைத்திருப்பார் என்றும் எழுதலாம். ஆனால் வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அக்காவின் போன வாரத்து ஸ்கேனை வரவழைத்துப் பாருங்கள். கட்டி இருந்த தடமே இல்லை. இந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு சுத்தமாக யாரும் செய்ததில்லை.