கூடத்துச் சுவரில் ஒரு கவர்னர்

– ஸ்டூலு ஆடுது, மொதல்ல கீழ எறங்குங்க. போட்டோவ கழட்டிட்டா மட்டும் செவுத்துல மூணு வருசமா வுழுந்த கட்டம் மறைஞ்சிடுமா?

– அங்க காலண்டரு மாட்டிக்கலாம் மணிமொழி. நீ ஸ்டூல புடி. பாயிண்டுக்கு சம்பந்தமில்லாததெல்லாம் பேசாத.

– காலண்டரு இத்துனூண்டு. போட்டோ ஜன்னல் அத்தினி பெருசு. தெருவே தெரண்டு வரப்போவுது. 'கவர்னரு எங்க சார்'னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? லீவுல போயிருக்காருன்னா?

– அந்த நைஜீரியா பையன் சண்டே உள்ள நுழைஞ்ச ஒடனே அவன் கண்ணுல இது பட்டா? 'ஐ, எங்கப்பா!'ன்னு கத்துவான்.

– கத்தட்டுமே. அவங்கப்பாதான.

– அவங்கப்பா யாருன்னு இந்த ஊருக்கு தெரியாது.

– தெரியாதா? கள்ளக்குறிச்சி பூரா தெரியும். நைஜீரியாவுல குவாரா மாநிலத்து கவர்னரு. நான் ஒருத்திதான் வெவரம் கெட்டவ, உங்க ஸ்கூலு வாட்ச்மேன் அடேபாயோன்னு நெனச்சிக்கினு கெடக்கறேன்.

– நான் எங்க சொன்னேன்? வந்து எறங்கி பெட்டிய பிரிச்சப்போ உமர் பாரூக் பாயிதான் பாத்துட்டு, 'கவர்னருங்களா வாத்தியாரே'ன்னாரு. நான் இல்லன்னு சொல்லல. அவ்ளோதான் நடந்தது.

– மறுநாளு சலூன்ல நடந்தது? கவர்னரு உங்கள கேக்காம ஒரு கையெழுத்து போடமாட்டாருன்னீங்களாமே.

– கல்வி சம்பந்தப்பட்ட கையெழுத்துன்னு தெளிவாத்தான் சொன்னேன்.

– கல்வராயன் மலையிலேருந்து தேன் விக்க வர்ற சடையன், போன வருசம் இந்த போட்டோவுக்கு முன்னால நின்னு பட்டா கேட்டு மனு குடுத்தானே. அதையும் கைநீட்டி வாங்கி அலமாரில வச்சீங்களே.

– அவன் படிக்காதவன், மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வாங்கனேன்.

– யாரு, அவனா வெவரம் இல்லாதவன்? 'ஏன்டா சடையா, எந்த நாட்டு கவர்னர்கிட்டயோ மனு குடுக்கறியே'ன்னு கேட்டேன். 'எழுவத்தாறு வரிக்கும் மலையில ஜாகீர்தாருங்க ஆண்டாங்க, அவங்க குடுக்கல. அப்பறம் நம்ப கவர்மெண்டு வந்துச்சி, அதுவும் குடுக்கல. இந்த ஐயா மூஞ்சில கொஞ்சம் எரக்கம் தெரியுதும்மா, குடுத்துப் பாப்போம்'னான். எரக்கம் தெரியாம இருக்குமா? அடேபாயோ மூஞ்சியாச்சே.

– அது வாஸ்தவம். கழட்டி கையில வச்சி பாக்கும்போது இன்னும் நல்லாத்தான் இருக்கான். இன்னா ஒரு உக்காரல் பாரு. கவர்னருக்குன்னு தலைமையாசிரியரு வூட்லேருந்து தூக்கியாந்த நாற்காலி.

– மாலைய பாருங்க. நான் கட்டினது. அந்த ஊர்ல மல்லி ஏது, கனகாம்பரம் ஏது? ஸ்கூலு வேலியில இருந்த காயிதப்பூவ முழுக்க பறிச்சி, வாழநாருல கட்டனேன். கையெல்லாம் முள்ளு.

– எண்பத்திமூணு டிசம்பர் முப்பத்தொண்ணு. ஆய்வுக்கூடம் தெறப்பு விழா. எட்டு மணிக்கெல்லாம் நானூறு பசங்க, கையில கொடி. என் கையில பதினோரு பக்கம் வரவேற்புரை.

– பத்து நாளா அதை ஆட்டுக்கு முன்னால நின்னு படிச்சிக்கினு இருந்தீங்க. 'இருண்ட வானில் எழுந்த விடிவெள்ளியே'ன்னு இங்கிலீஷ்ல.

– ஆட்டுக்கு முன்னால இல்ல. ஆடு தானா வந்து நின்னுது.

– எட்டு மணி பத்தாச்சி, பன்னண்டாச்சி. கவர்னரு வரல. நீங்க வேட்டு வுட்ட மாதிரி 'கொடிய நேரா புடிங்கடா'ன்னு கத்திக்கினே இருந்தீங்க. மூணு மணிக்கு பாதிரியாரு சைக்கிள்ல வந்து எறங்கறாரு. 'யாருக்கு காத்துக்கினு இருக்கீங்க? காலையிலயே பட்டாளம் புடிச்சிடுச்சி. கவர்னரும் இல்ல, கவர்மெண்டும் இல்ல'ன்னாரு.

– ரேடியோவுல பேட்டரி இல்ல. இருந்தா தெரிஞ்சிருக்கும்.

– கவர்மெண்டு போயி ஏழு மணி நேரம். உங்க ஒருத்தருக்காவதான் அது அன்னிக்கு சாயந்திரம் வரிக்கும் நடந்துச்சி.

– சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது, ஸ்டூலு ஆடுது.

– போட்டோக்காரன் டவுன்லேருந்து வந்துட்டான், சும்மா போவமாட்டேன்னான். பசங்க மூஞ்சி சுண்டிப்போச்சி. அப்போ நீங்க ஒரு காரியம் பண்ணீங்க பாருங்க. எங்கூட வாழ்ந்த இத்தினி வருசத்துல உருப்படியா நீங்க பண்ண ஒரே காரியம். கேட்டு தொறக்கறதுக்காவ புது அங்கி தச்சி போட்டுக்கினு நின்ன அடேபாயோவ கையப் புடிச்சி இஸ்துக்கினு போயி அந்த நாற்காலில ஒக்கார வச்சீங்க.

– நானூறு கொடியும் ஆடிச்சி மணி.

– நான் மாலைய போட்டேன். நீங்க பக்கத்துல நின்னு, பதினோரு பக்கத்தையும் ஒரு வரி வுடாம படிச்சீங்க. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் அந்தாளு 'எஸ் சார், எஸ் சார்'னாரு.

– என் வரவேற்புரைய கடைசி வரிக்கும் கேட்ட ஒரே பிரமுகரு.

– அதுக்கப்பறம் நாலு மாசம் கழிச்சி உங்களுக்கு காய்ச்சல் வந்துச்சே. பட்டாளத்து கவர்மெண்டு, பெட்ரோல் இல்ல, ஜீப்பு வரலன்னு கைய விரிச்சிட்டாங்க. யாரு சைக்கிள் மிதிச்சது? உங்கள கேரியர்ல வச்சி, வுழுந்துடுவீங்கன்னு இதே அங்கிய கழட்டி தன் இடுப்போட சேத்துக் கட்டிக்கினு, ஒம்போது மைலு மிஷன் ஆஸ்பத்திரிக்கு. அங்கி தாருமாறா கிழிஞ்சிது.

– தெரியும்.

– தெரிஞ்சிக்கினுதான் மூணு வருசமா அவரு பேர சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருக்கீங்க.

– வெக்கமில்ல மணி. துபாய் போனவன் டேப்ரிகார்டரு கொண்டாந்தான். சிங்கப்பூரு போனவன் சேல கொண்டாந்தான். நான் அஞ்சு வருசம் ஆப்பிரிக்காவுல கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இன்னா கொண்டாந்தேன்? ஒரு போட்டோ. அதுவும் வாட்ச்மேன்கூட எடுத்ததுன்னா எவன் மதிப்பான்?

– வாட்ச்மேன் மவன் மதிச்சி வரானே. சிதம்பரத்துல படிக்க வந்தவன், லீவு வுட்டதும் நம்பளத்தான தேடிக்கினு வரான். என் சமையக்கட்டுலயே கெடந்தவன். பேச்சுத்தொணைக்கு ஆளில்லாம நான் அவனுக்கு தமிழ் கத்துக் குடுத்தேன். அவன் வாயால 'இன்னாம்மா'ன்னு கேட்டு மூணு வருசமாச்சி.

– வாத்தியாரே! வாத்தியாரே! கதவ ஏன் சாத்திக்கினு இருக்கீங்க?

– உமர் பாரூக் பாயிங்க. மறைக்கறேன்னு போட்டோவ தலகீழா வைக்காதீங்க, அவருக்கு தெரிஞ்சிடும்.

– வாங்க பாய், வாங்க. இன்னா வெவரம்?

– எங்க மச்சான் உளுந்தூர்பேட்டையிலேருந்து போன் போட்டான் வாத்தியாரே. கேளுங்க. மூணு நாளா ரோட்டுல ஒரு பஸ்ஸு கெடயாது, வழி பூரா எட ஒதுக்கீடு கேட்டு சங்கத்து ஆளுங்க மரத்த வெட்டிப் போட்டு குந்திக்கினு இருக்காங்க. உங்க பையன் ரயில்ல வந்து எறங்கி, உங்க பேர சொல்லி வழி கேட்டு, நடந்தே போறேன்னானாம். மச்சான் வுடுவானா? 'அடேய், இது எங்கூரு வாத்தியாரோட கவர்னரு மவன்டா'ன்னு சங்கத்து ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னானாம். அவ்ளோதான்!

– அவ்ளோதான்னா?

– சைக்கிள்ல ஏத்திட்டாங்க. ஒரு மரத்துலேருந்து அடுத்த மரம் வரிக்கும் ஒருத்தன், அங்கேருந்து இன்னொருத்தன். ஒவ்வொரு மரத்துலயும் சோறு. தியாகதுருகத்துல நிக்க வச்சி, 'உங்க ஊர்ல எத்தினி சதவீதம்'னு கேட்டாங்களாம். 'எங்க நாட்டுலயும் மாநிலத்துக்கு இத்தினி சீட்டுன்னு பங்கு உண்டு, அதுக்கு நாங்களும் அடிச்சிக்கறோம்'னு தமிழ்ல சொல்றானாம்! கைதட்டு தாங்கல. இப்ப ஊரு எல்லைக்கு வந்தாச்சி. கூட நூறு பேரு, ஜாஸ்தியே இருக்கும்.

– நூறு பேரா?

– கம்மின்னு நெனைக்காதீங்க, இன்னும் சேருவாங்க. மைக்செட்டு தமிழரசன் பசங்க உங்க வாசல்ல மைக்கு கட்டிக்கினு இருக்காங்க. கவர்னரு மவன் ரெண்டு வார்த்த பேசணுமாம். அவர மேடையேத்தி வரவேற்புரை நீங்கதான். அந்த போட்டோவ குடுங்க, வாசல்ல வச்சி ஒரு மாலை போடணும்.

– போட்டோ… தொடச்சிக்கினு இருக்கேன் பாய். நானே எடுத்தாறேன்.

– சீக்கிரம் வாங்க. நான் போயி மைக்க பாக்கறேன், கத்துது அது.

– இப்ப சொல்லுங்க. இன்னா பண்ணப்போறீங்க? அந்தப் புள்ளைய தனியா கூப்ட்டு, 'உங்கப்பன் வாட்ச்மேன்னு சொல்லாத'ன்னு சொல்லப்போறீங்களா?

– யோசிச்சேன்.

– யோசிச்சீங்களா?

– ஆனா சண்டேவ சைக்கிள்ல ஏத்திட்டாங்கன்னு பாய் சொன்னதும் அந்த சைக்கிளு ஞாபகம் வந்துடுச்சி. அந்தாளு முதுகுல காய்ச்சலோட மூஞ்சிய வச்சிக்கினு போனேன், வேர்வ நாத்தம் இன்னும் ஞாபகம் இருக்குது. அவரு புள்ளைகிட்ட போயி அந்த வார்த்தய எந்த வாயால சொல்றது? போட்டோவ நேரா புடி மணி. மைக்குலயே சொல்லிடறேன். 'பெரியோர்களே, இவரு கவர்னரு இல்ல. கவர்மெண்டு கைவுட்ட அன்னிக்கு என்ன சொமந்துக்கினு போன மனுசன்'னு.

– ஊரு சிரிக்கும்.

– சிரிக்கட்டும்.

– சலூனுக்கு போவமுடியாது.

– நீயே வெட்டிவுடு.

– சடையனுக்கு மனுவ திருப்பிக் குடுக்கணும்.

– குடுக்கறேன். நம்ப தாசில்தார் ஆபீசுக்கே கூட்டிக்கினு போறேன், போதுமா?

– போதும். கண்ணாடிய தொடைங்க, உங்க கண்ணாடிய. அதோ, சத்தம் கேக்குது.

– வாத்தியாரே! கவர்னரு மவன் வந்தாச்சி! தம்பி, செருப்ப கழட்ட வேணாம், நீங்க போங்க உள்ள!

– வூட்டுக்குள்ள செருப்பு போட்டா அம்மா ஒதைக்கும் பாய். அம்மா! இன்னாம்மா கொழம்பு?

– டேய் சண்டே! அடப்பாவி, எத்தினி ஒசரம் ஆயிட்ட! மொச்சகொட்ட கொழம்புடா, உனக்குன்னு வச்சேன். பாய், நீங்க வெளிய கொஞ்சம் பாத்துக்குங்க, அஞ்சு நிமிசத்துல வந்துடறோம்.

– சார். ஆயிடுச்சி சார் முடியெல்லாம் வெள்ளையா.

– எழுந்திரு, எழுந்திரு. கால்ல எல்லாம் வுழாத. உங்கப்பா எப்டி இருக்காரு?

– நல்லா இருக்காரு சார். அங்கி புதுசு தச்சிக்கினாரு. வழியெல்லாம் 'கவர்னரு மவன், கவர்னரு மவன்'னாங்க சார். இன்னாடா இது, அப்பா வெவகாரம் அதுக்குள்ள இந்தியா வரிக்கும் வந்துடுச்சான்னு எனக்கு ஆச்சரியமா போச்சி.

– அது அப்பா வெவகாரம் இல்லடா. நான் பண்ண தப்பு. இந்த போட்டோவ காட்டி உங்கப்பாவ கவர்னருன்னு இந்த ஊர நம்ப வச்சிட்டேன். வா என்கூட. மைக்குல உண்மைய சொல்லி, உன் முன்னாலயே மன்னிப்பு கேட்டுக்கறேன்.

– மைக்குலயா? வேணாம் சார்! வெளிய பேப்பருகாரன் ஒருத்தன் கேமராவோட நிக்கறான். நியூஸு எங்க ஊரு வரிக்கும் போச்சின்னா?

– போனா இன்னாடா? உனக்கு அவமானமா இருக்குதா, அப்பா வாட்ச்மேன்னு சொன்னா?

– அதில்லம்மா. டிசம்பர்ல எங்க ஊர்ல பட்டாளம் நடத்தற ஊராட்சி எலெக்சன். அப்பா நிக்கறாரு. கட்சி கெடயாது, ஆளோட மூஞ்சிய பாத்துதான் ஓட்டு. இதே போட்டோவ ஆயிரம் நோட்டீஸு அடிச்சி ஒட்டியாச்சி.

– நான் நிக்கற போட்டோவயா? என்னைய யாருக்குடா தெரியும் அங்க? நோட்டீஸ்ல இன்னா போட்டிருக்குது?

– அப்பா ஒக்காந்துக்கினு இருக்காரு, நீங்க பக்கத்துல பேப்பர வச்சிக்கினு நிக்கறீங்க இல்ல சார். அதுக்கு கீழ, 'மெட்ராஸ் கவர்னரே எழுந்து நின்னு மனு குடுத்த ஆளு, உங்கள் அடேபாயோ'ன்னு போட்டிருக்குது சார்.