உங்களுக்கு மட்டும்தான் சொல்றன்

குறிஞ்சாக்கேணிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காளும் தங்கையும் இருந்தார்கள்.

"மகளுக்குக் கம்பஸில மெடிசின் படிக்க இடம் கிடைச்சது ஊரில எல்லாருக்கும் தெரியும். ஆனா, எல்லாருக்கும் தெரியுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் அக்கா.

"அதெப்படி ராத்தா?"

"கண்ணூறுக்குப் பயந்து, 'உங்களுக்கு மட்டும்தான் சொல்றன், வெளியில கதைக்காதிங்க' எண்டு வீடு வீடாப் போய்ச் சொன்னனான். இப்ப தெருவில ஒருத்தரும் வாழ்த்துறாங்க இல்ல."

"திரும்பப் போய்ச் சொல்லுங்களன்."

"தனித்தனியாச் சொன்னா அதுவும் ரகசியமாத்தானே போகும்? எல்லாரும் கூடியிருக்கக்குள்ள சொல்லணும்."

சந்தி நெருங்கியது. ஊர்க்காரர் நிறைந்த பஸ்ஸில் அவர் எழுந்து நிமிர்ந்து நின்றார்.

"கண்டக்டர் தம்பி, டாக்டர்ட உம்மா இறங்கணும்!"

பஸ்ஸே வாழ்த்தியது. பிறகுதான் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ உங்களுக்குமா சொன்னவ?"